பாவாயி வரும் வரைக்கும்

செல்லம்மா ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பதை முதலில் நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். மூன்று வயதுக் குழந்தை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுவாள். அங்கே வீக்கமும் இல்லை, காயமும் இல்லை. இரவில் தூங்கும்போது வீறிட்டு அழுதுகொண்டே விழிக்கத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அவள் நான் பெற்ற குழந்தை அல்ல. அவளுடைய தாய் பாவாயிக்குக் காசநோய். சானடோரியத்தில் (காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்து மருத்துவம் பார்க்கும் இடம்) சேர்த்திருந்தார்கள். தந்தை நல்லமுத்து சேந்தமங்கலத்தில் பிறர் நிலத்தில் கூலிக்குக் காட்டு வேலைக்குப் போகிறவர். நோய்க்குப் பயந்து உறவினர் யாரும் பிள்ளையை வாங்கிக்கொள்ளவில்லை. நோயாளிகளைப் பார்க்க அங்கே போய்வரும் எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார், அஸ்தம்பட்டியில் இருந்த எங்களிடம் கேட்டார். என் கணவர் பஸ் கம்பெனியில் மெக்கானிக். நான் வீட்டிலேயே தையல் தைத்தேன். எங்கள் மகன்கள் இருவரும் வெளியூர் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். பாவாயி வரும் வரைக்கும் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டோம். இது ஐம்பதுகளின் கடைசியில்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முழங்கால்ல ஒண்ணுமில்ல. நோய் இடுப்புல இருக்கு, வலி மட்டும் கீழ தெரியுது" என்றார். இடுப்பு மூட்டுக் காசநோய் (நுரையீரலைத் தாக்கும் அதே கிருமி இரத்தத்தின் வழியாகப் போய் எலும்பு மூட்டில் தங்கிவிடுவது).

"நீங்கதானே அம்மா?"

"இல்லீங்க டாக்டர். அவங்கம்மா வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

"அப்ப அப்பாவ வரச் சொல்லுங்க. மாவுக்கட்டுப் போடணும். அவர் சம்மதம் வேணும்."

அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டலாம், குளிப்பாட்டலாம், இரா முழுக்கத் தோளில் போட்டு நடக்கலாம். ஆனால் அவள் உடம்பைப் பற்றிய முடிவு என்னுடையது அல்ல. பிறர் பிள்ளையை வளர்ப்பது என்றால் என்னவென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

என் கணவர் நாமக்கல் பக்கம் போகும் டிரைவரிடம் சொல்லி அனுப்பினார். மறுநாள் நல்லமுத்து வந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தலை நிமிராமல், "எங்க ஊட்ல இருந்தே ஒட்டிக்கிட்டு வந்துருக்குங்களா?" என்றார்.

"இருக்கலாம். அது யார் குத்தமும் இல்ல" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் நல்லமுத்து என்னிடம், "ஏனுங்கக்கா, நெஞ்சுல இருந்து பாதம் வரைக்கும் கட்டுங்கறாங்க. அள்ளிக் கொட்டறது, தொடைக்கறது எல்லாம் நீங்க எதுக்குங்க படோணும்? நான் கூட்டிட்டுப் போயர்றனுங்க" என்றார்.

"கூட்டிட்டுப் போயி எங்க படுக்க வெப்பீங்க? நீங்க கையெழுத்துப் போடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

அவர் திரும்ப உள்ளே போய், பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் உருட்டினார். பிறகு ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்று அழுதார்.

மாவுக்கட்டுக்குள் இருக்கும் குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கட்டின் ஓரங்களில் ஈரம் இறங்காத எண்ணெய்த்துணி வைத்துவிடுங்கள். சிறுநீர் உள்ளே இறங்கினால் தோல் வெந்துபோகும். அடிக்கடி குப்புறவும் மல்லாந்தும் திருப்பிப் போடுங்கள். கட்டுக்குள் குச்சி விட்டுச் சொறியாதீர்கள், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும். நான் அவளுக்குப் பக்கவாட்டில் முடிச்சுப் போடும் கவுன்களாகத் தைத்தேன்.

காசநோய்க்காக அவளுக்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் தினமும் அவள் பார்க்காதபோது பின்னாலிருந்து மெல்லக் கூப்பிடுவேன். அவள் தலை திரும்பும் வரை மூச்சை விடமாட்டேன்.

அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டபோதெல்லாம் "பெரியம்மா" என்று திருத்தினேன். பாவாயியை நான் பார்த்ததே இல்லை. நல்லமுத்து வரும்போது கேட்டுத் தெரிந்துகொண்டு, "உங்கம்மா கம்மஞ்சோறு ஆக்குனா தெருவே மணக்குமாம்" என்பேன். எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் ஜெபம் சொல்வோம். அந்த நேரத்தில் அவள் நெற்றியில் அவள் அப்பா கொண்டுவந்த திருநீறு இருக்கும். "ஞானஸ்நானம் குடுத்து நீங்களே வெச்சுக்கலாமே" என்றாள் அண்டை வீட்டுக்காரி. "அவளுக்கு அம்மா இருக்காங்க" என்றேன்.

கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்த கால் குச்சியாக மெலிந்திருந்தது. இடுப்பு முழுதாக மடங்கவில்லை. தாங்கித் தாங்கித்தான் நடப்பாள், ஆனால் நடப்பாள் என்றார் டாக்டர். அந்தக் காலை நீவி மடக்கிப் பழக்கச் சொன்னார்.

கட்டைப் பிரித்த அந்த வருஷமே பாவாயி குணமாகி வந்தாள். வாசலில் நல்லமுத்துவுக்குப் பின்னால், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். செல்லம்மா என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"பெரீம்மா, இது யாரு?"

பாவாயி என்னைத்தான் பார்த்தாள். "தொடலாமுங்களா?"

"நோய் போயிருச்சு, ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாருங்க. கைதான் வர மாட்டேங்குது."

அன்றே பிள்ளையைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அனுப்பினால் இருவருக்குமே அது கொடுமை. "கொஞ்ச நாள் இங்கயே இருங்க. அவளே உங்ககிட்ட வரட்டும்" என்றேன். பாவாயி எங்கள் கூடத்தில் தங்கினாள். முதலில் பிள்ளையின் துணிகளை மட்டும் துவைத்தாள். பிறகு காலை நீவும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் நீவும்போது வலியில் செல்லம்மா "பெரீம்மா, பெரீம்மா" என்று கத்துவாள். நான் கொல்லைக்குப் போய்த் துவைகல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இத்தனை மாத வேலையில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது அப்படி நின்றதுதான்.

ஒரு மத்தியானம் வாசலில் ஓட முயன்று விழுந்தாள். நான்தான் பக்கத்தில் இருந்தேன். கையை நீட்டினேன். அவள் எழுந்து, என்னைத் தாண்டி, தாங்கித் தாங்கிப் போய்ப் பாவாயியின் மடியில் விழுந்து அழுதாள். பாவாயியின் கை காற்றில் ஒரு கணம் தயங்கியது. பிறகு பிள்ளையின் முதுகில் இறங்கி, அங்கேயே இருந்தது.

எனக்கு வலித்தது. தினமும் ஜெபத்தில் நான் கேட்டதும் அதைத்தான்.

அந்த வார இறுதியில் தாயையும் மகளையும் சேந்தமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னலில் இருந்து, "போய்ட்டு வாரேன் பெரீம்மா" என்று அவள் சொன்னபோது என் கணவர் பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நெடுநாள் எனக்குப் பொழுது கடிகாரப்படி நகரவில்லை. கட்டுக்குள் கிடக்கும் செல்லம்மாவைத் திருப்பிப் போட வேண்டிய வேளை வந்துவிட்டதென்று தைத்துக்கொண்டிருந்த துணியை விட்டு எழுந்துவிடுவேன். பேரன் பிறந்து, நடக்கும் வயதில் வீட்டுக்கு வந்தபோது அவனைத் தூக்கக் குனிந்தேன். என் முதுகும் தோளும் ஒரு மாவுக்கட்டின் கனத்தையும் சேர்த்துத் தூக்கத் தயாராகிவிட்டன. அந்தக் கனம் இல்லாததால் குழந்தை ஒரே வீச்சில் என் தலைக்கு மேலே போய்விட்டான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.