அவளுக்கு ஒன்றரை மணித்தியாலம்

உளவளத்துணைப் பயிற்சியில் இருந்த அந்த வருடம், கிளிநொச்சி அலுவலகத்தின் மூடிய கதவொன்றைப் பார்த்துப் பார்த்தே என் வயிறு எரிந்தது. உள்ளே எங்கள் மேற்பார்வையாளர் மிஸ் இருப்பார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வவுனியாவிலிருந்து வருவார். வீடு வீடாகப் போய்ப் பிறர் துயரைக் கேட்டுவிட்டு வரும் எங்களைத் தனித்தனியே இருத்தி, எங்கள் மனச்சுமையைக் கேட்பதுதான் அவருடைய வேலை. எனக்கு அது இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். என்னோடு பயின்ற ஒருத்திக்கோ ஒன்றரை மணித்தியாலம்.

அவளுடைய கொப்பி கோழி கிண்டியது போல இருக்கும். பாதிச் சந்திப்புகளை எழுதவே மாட்டாள். நான் சிவப்புக் கோடு போட்டு, ஒன்றும் விடாமல் எழுதி வைப்பேன். அவள் போய் மூக்கைச் சிந்தினால் போதும், மிஸ்ஸுக்கு நேரம் போவதே தெரியாது. வெளியே வரும்போது அவளுக்குக் கண் வீங்கியிருக்கும், முகம் தெளிந்திருக்கும். அந்தத் தெளிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்கு அது கிடைக்கவில்லையே. ஒட்டுசுட்டானில், யானை அடித்துக் கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருவரிடம் நான்கு முறை போயிருந்தேன். அவருடைய குழந்தை அழுத அழுகை என் காதை விட்டுப் போகவில்லை. வீட்டில் என் மகள் சிணுங்கினாலே உடம்பு பதறியது. இது எங்கே போய் முடியுமோ என்று பயந்தேன். ஆனால் கொப்பியில் ‘நல்ல முன்னேற்றம்’ என்றுதான் எழுதினேன். எப்படி இருக்கிறீர் என்று மிஸ் கேட்டால், “பிரச்சினை இல்லை மிஸ்” என்பேன்.

ஒருநாள் வழக்கம்போல என் கொப்பியைப் பார்த்து முடித்து மூடினார். எனக்கு வாய் அடங்கவில்லை.

“உங்களுக்கு அவளிலதான் விருப்பம், என்ன மிஸ்? நான் எல்லாம் ஒழுங்காச் செய்யிறன். எனக்கு இருபதே நிமிசம்.”

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

“அவா தன்னைக் கொண்டு வாறா, பிள்ளை. நீர் கொப்பியை மட்டும்தானே கொண்டு வாறனீர்.”

சுரீரென்றது. எழுந்து போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

“என்ர மகள் அழுதால் எனக்குக் கேக்க ஏலாமக் கிடக்கு மிஸ்,” என்றேன். “முந்தநாள் அடிச்சுப்போட்டன். இப்ப அவள் என்னைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுறாள்.”