ஒரே எண், இரண்டு நாற்காலி

சக்கர நாற்காலி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளைப் பட்டியல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தத் திருகு எந்தச் சட்டத்துக்கு, எந்தச் சட்டம் எந்த நாற்காலிக்கு என்று கம்ப்யூட்டரில் முடிச்சுப் போட்டு வைப்பது ஒன்பது வருடமாக அவள் வேலை. "டைப் அடிக்க ஒரு ஆளா?" என்று டிசைன் மேனேஜர் அவள் காதுபடவே கேட்டிருக்கிறார். டைப் அடிக்கிறாளாம்! அவள் கொஞ்சம் அசந்தால் சக்கரம் இல்லாமலே நாற்காலி வெளியே போகும்.

பிரேக் கைப்பிடி ஒன்று, பட்டியலில் அதற்கு ஒரே எண். பெரியவர்கள் நாற்காலிக்கும் அதுதான், குழந்தைகள் நாற்காலிக்கும் அதுதான். மேனேஜருக்கு அதை நீளமாக்க ஆசை வந்தது.

"அப்போ புது எண் போடணும் சார். இது சின்ன நாற்காலியிலயும் இருக்கு. நீளமா வந்தா கைதாங்கியில இடிக்கும், பிரேக் சக்கரத்தைத் தொடாது."

"புது எண்ணுக்கு ஒப்புதல் வாங்க மூணு வாரம் ஆகும்மா. பழைய எண்ணுலயே வரைபடத்தை மாத்து."

அவள் மாட்டேன் என்றாள். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டதுதான் தாமதம், மனிதர் தானே உட்கார்ந்து மாற்றிவிட்டார். கைப்பிடி இடிக்கிறதே என்று கேட்ட தொழிலாளியை, "பட்டியல்ல இருக்கிறதை மாட்டு" என்று வாயடைத்தார்கள்.

நாற்பது குழந்தை நாற்காலிகள் போயின. ஒன்று பள்ளிக்கூடச் சரிவில் நிற்காமல் உருண்டு, ஏழு வயதுப் பெண்ணின் மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் மேனேஜர் அவளிடம் ஒரு தாளை நீட்டினார். 'பட்டியல் பிழையால் நேர்ந்தது' என்று அடித்து, கீழே அவள் பதவி.

"சும்மா ஃபார்மாலிட்டிதாம்மா. ஒரு கையெழுத்து."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன நெஞ்சழுத்தம்! மாற்றும்போதே கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது: இந்தப் பாகம் இரண்டு நாற்காலிகளில் உள்ளது, தொடரலாமா? 'சரி' என்று தட்டியவர் பெயரும் நேரமும் அதில் அப்படியே கிடந்தன. அச்செடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதையெல்லாம் யாரும்மா படிச்சுக்கிட்டு இருப்பாங்க?"

"நான் படிப்பேன் சார். அதுக்குத்தான் இங்க உட்கார்ந்திருக்கேன்."

அவர் நீட்டிய தாளைத் தொடாமல், அச்செடுத்ததன் மேல் இன்னொரு தாளை வைத்தாள். மற்ற நாற்காலிகள் எந்தப் பள்ளிக்கு, எந்த வீட்டுக்குப் போயின என்ற விலாசங்கள்.

"இதுல நீங்க கையெழுத்துப் போடுங்க சார். மிச்சம் முப்பத்தொன்பதையும் இன்னைக்கே திருப்பி வாங்கணும். பிள்ளைங்க அதுலதான் உட்கார்ந்திருக்காங்க."