தொப்பி காக்காத சாயம்

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசினேன். மறுநாள் காலை, முட்டிவலிக்காக வழக்கமாகப் போகும் ஏ.எஸ்.ராவ் நகர் நீச்சல் குளத்தில் இறங்கினேன். தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விதிப்படி தொப்பி அணிந்திருந்தேன். கரையேறியபோது முடி திட்டுத்திட்டாகச் செம்பட்டையாகியிருந்தது.

"மம்மி, தலை துருப்பிடிச்ச மாதிரி இருக்கு. போட்டோவுக்கு இது நக்கோ, வேண்டாம்" என்றாள் மகள்.

உச்சந்தலை எரிந்ததால் மறுபடி சாயம் பூச முடியவில்லை. மாலையில் போட்டோக்காரரைக் கண்டதும் பின்வரிசைக்கு நகர்ந்தேன். மகளே கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

தொப்பி, குளத்து வடிகட்டியில் முடி அடைக்காமலிருக்கத்தான். தண்ணீர் உள்ளே புகத்தான் செய்யும். விதியைப் பின்பற்றிய நான், அது எதைக் காக்கிறது என்று கேட்கவில்லை.

இப்போது சாயம் பூசிய வாரம் நீந்துவதில்லை. மற்ற நாட்களில் முடியை நல்ல தண்ணீரில் நனைத்து, கண்டிஷனர் தடவியே தொப்பி போடுகிறேன். நனைந்த முடி குளோரின் நீரை அதிகம் உறிஞ்சாது. கரையேறியதும் தலையை அலசிவிட்டுத்தான் யாரோடும் பேசுகிறேன்.