பள்ளிவாசல் மைக்

மத்தியானம் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குச் சவுதியிலிருந்து ஒரு போன். "கம்பெனி வேன் கவுந்துருச்சு. நம்ம ஊரு ஆளு ஒருத்தர் போயிட்டார்." அதோடு லைன் அறுந்துவிட்டது. முதலில் பேரைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? அந்த மனிதரை இன்றைக்கும் திட்டுகிறேன். எங்கள் ஊரிலிருந்து அந்தக் கம்பெனியில் இருந்தது இரண்டே பேர். என் வீட்டுக்காரர், பள்ளிவாசல் தெரு அக்காவின் வீட்டுக்காரர்.

ஜமாத் தலைவரின் மகனும் சவுதியில்தான், வேறு கம்பெனியில் இருந்தார். விசாரித்துவிட்டுப் பள்ளிவாசல் போனுக்குக் கூப்பிடுவார் என்றார்கள். நடவு ஆட்களை அப்படியே வயலில் விட்டுவிட்டுச் சேறு காயாத காலோடு ஓடினேன்.

டெல்லியில் முகலாயர் ஆண்ட காலத்தில் நவாப் கட்டிக்கொடுத்தது என்று சொல்லும் பள்ளிவாசல் அது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சொம்புத் தண்ணீரோடு வாசலில் நின்று ஓதி வாங்கிப் போவேன். வாசலைத் தாண்டியதில்லை. தொழுகை நடத்தும் அஜ்ரத்தே அன்றைக்கு, எனக்கு முன்பே வந்து நின்ற அக்காவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டு, போன் இருந்த அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார். கட்டிப்பிடித்தாலும் கைக்கு அடங்காத சுண்ணாம்புத் தூண்கள். தரையெல்லாம் என் கால் சேறு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா என் கையைப் பிடித்திருந்தார். முஸ்லிம்களில் யாராவது தவறினால் பள்ளிவாசல் மைக்கில் சொல்வார்கள். எங்களவர்களுக்குச் சொல்வதில்லை. மைக் பேசினால் அவர் புருஷன். மைக் பேசாமல் அஜ்ரத் என்னிடம் வந்தால் என் புருஷன். அது அவருக்கும் தெரியும்.

பொழுது சாயும் வேளையில் போன் அடித்தது. அஜ்ரத் எடுத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதே நேரம் பாங்கு சொல்லும் மோதினார் மைக்கருகே போய் விரலால் தட்டினார். டொக், டொக். என் நெஞ்சிலிருந்து பெரிய மூச்சொன்று வெளியே வந்தது. அக்காவின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது.

வந்தது மக்ரிபு பாங்கு. வேறொன்றும் இல்லை. அறையை விட்டு வந்த அஜ்ரத் நேராக என்னைப் பார்த்து நடந்தார்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கம்மா. தவறினது பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆளாம்."

அங்கே போனவர்களுக்குத் தஞ்சாவூர் ஜில்லா முழுவதும் நம்ம ஊர்தான். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? கட்டிக்கொண்டு அழுதோம். பட்டுக்கோட்டையில் ஒருத்தி இருப்பாள் என்பது அப்போது உறைக்கவில்லை.

வாசல்வரை வந்த அக்கா என் கையைத் திருப்பி நகத்தடத்தைப் பார்த்தார்.

"மைக்கத் தட்டுனப்ப நீ மூச்சு விட்ட. பாங்குன்னு தெரிஞ்சதும் நான் விட்டேன். சரியாப் போச்சு," என்றார். "போ, புள்ளைங்க தேடும்."