பின்னால் வைத்த கனம்

எனக்கு எதையும் ஆறப்போட்டுச் செய்யத் தெரியாது. சோறு கொதிக்கும் முன்னே மூடியைத் திறந்து பார்க்கிறவன் நான். பேருந்து வரும் திசையில் பத்தடி நடந்துபோய் நின்றால் அது சீக்கிரம் வந்துவிடும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஜவ்வாது மலையில் விவசாயம் பார்ப்பது பெரிய இம்சை. சாமை தன் இஷ்டத்துக்குத்தான் கதிர் வாங்கும், புளி தன் இஷ்டத்துக்குத்தான் பழுக்கும். நடுவில் நான் மட்டும் மேலும் கீழும் நடந்துகொண்டிருப்பேன்.

போன வருஷம் வைகாசியில் என் மனைவியைத் திருப்பத்தூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு மாதமாக அவளுக்கு வலது கை விரல்கள் மரத்துப்போய்க் கிடந்தன. டம்ளரைப் பிடித்தால் நழுவியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார்.

"தலையில இனிமே ஒரு கூடைகூட ஏத்தக் கூடாதும்மா. ஏத்துனீங்கன்னா இந்தக் கை உதவாமப் போய்டும்."

"எருவுக் கூடையுமா?" என்று இவள் கேட்டாள்.

டாக்டர் அவளை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் நிலம் சரிவில் மூன்று படிகளாக இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் கீழே கருங்கல் அடுக்கிய வரப்பு. வரப்பு சரிந்தால் கல்லைச் சுமந்து அடுக்க வேண்டும். கோடையில் எருவைச் சுமந்து கொட்ட வேண்டும். டிரெய்லர் இருக்கிறதுதான், ஆனால் அதில் ஏற்றுவதும் இறக்குவதும் கூடையால்தான். நான் டிராக்டர் ஓட்டுவேன், அவள் சுமப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. அதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பொக்லைன் கூப்பிடலாம் என்றால் அது எங்கள் நிலத்துக்கு வராது. வழியில் நிற்கும் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே என் சின்ன டிராக்டர்தான் நுழையும். அதனால் டிராக்டருக்கே முன்பக்கம், அள்ளித் தூக்குகிற ஒரு லோடரைப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் பேருந்திலேயே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை செங்கத்தில் இருந்தேன்.

அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி என் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். அது நான் வாங்கும்போதே இரண்டு கை மாறிய வண்டி. பவர் ஸ்டீயரிங் கிடையாது. குளிர்காலத்தில் சரிவில் உருட்டிவிட்டால்தான் உயிர் வரும். அவர் முன் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது கெழட்டு வண்டிண்ணா. முன்னாடி அச்சு இன்னா கனம் தாங்கும்னு நெனக்கிறீங்க?"

"தாங்கற மாதிரி செஞ்சு குடுங்க மேஸ்திரி. எரு அள்ளணும், கல்லு தூக்கணும். அவ்ளோதான்."

"அவ்ளோதான்னு ஈஸியா சொல்றீங்க."

ஆனால் மனிதர் நல்ல வேலைக்காரர். லோடரை வண்டியின் வயிற்றில் மட்டும் போல்ட் போட்டால் கனம் ஏற ஏற ஒருநாள் நடுவில் விரிசல் விட்டுவிடும் என்று, முன்பக்கத்திலிருந்து பின் அச்சு வரைக்கும் இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் ஓட்டினார். இன்ஜின் முன்னால் தனியாக ஒரு ஆயில் பம்ப், அதற்கு ஒரு டேங்க். என் வலது கைப்பக்கம் ஒரு புது லீவர். முன் சக்கரத்து பேரிங் இரண்டையும் மாற்றினார். இதற்கெல்லாம் எட்டு நாள் எடுத்துக்கொண்டார். அந்த எட்டு நாளில் நான் ஐந்து முறை மலையிறங்கிப் போனேன். ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்திலேயே நின்று, அது ஏன் இப்படி, இது ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"நீங்க வந்தா எனுக்கு வேல ஓட மாட்டேங்குதுண்ணா. வூட்ல இருங்க, நானே போன் பண்றேன்."

வண்டியை எடுக்கும் அன்று அவர் சொன்னது இரண்டே விஷயம்தான். ஒன்று, பக்கெட்டில் கல் இருக்கும்போது தரையோடு தரையாகக் கொண்டுபோக வேண்டும், உயரத் தூக்கக் கூடாது. இரண்டு, பின்னால் கனம் இல்லாமல் முன்னால் எதையும் தூக்கக் கூடாது. அதற்கென்று ஒரு பழைய டிரம்மில் கம்பி கட்டி, மேலே கொக்கி வைத்துக் கொடுத்தார். அதில் கான்கிரீட் போட்டு, கலப்பை மாட்டும் இடத்தில் மாட்டிவிட வேண்டும்.

"போட்டுட்டு பத்து நாளாவது தண்ணி ஊத்துங்க. அது வரிக்கும் லோடரத் தொடாதீங்க. பின்னாடி வெய்ட்டு இல்லன்னா வண்டி குப்புற கவுந்துடும்ணா. நான் பாத்திருக்கிறேன்."

"சரி சரி" என்றேன். அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் சரி சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மலையேறி வருவதற்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை கழன்றுவிட்டது. வாசலில் நிறுத்தியதும் அவள் வெளியே வந்து பார்த்தாள். மரத்துப்போன கையாலேயே பக்கெட்டின் ஓரத்தைத் தடவினாள்.

"இதுல எத்தினி கூட எருவு புடிக்கும் மாமா?"

"பதினஞ்சு புடிக்கும்."

அவள் பக்கெட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை மறைக்க முடியாது. ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டவன் மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அன்று சாயங்காலமே டிரம்மில் கான்கிரீட் போட்டுவிட்டேன். அவள் அதன்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தி, வேளைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். நான் காலையிலும் மாலையிலும் சாக்கை விலக்கிக் கட்டையால் தட்டிப் பார்த்தேன். தட்டினால் அது சீக்கிரம் இறுகிவிடுமா என்ன. ஆனாலும் தட்டினேன். இரண்டாம் நாளே கல் மாதிரித்தான் இருக்கிறது என்றேன். அவள் சாக்கை மறுபடி இழுத்து மூடினாள்.

மூன்றாம் நாள் நல்ல மழை. நடுப்படியின் வரப்பில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. விடிந்ததும் போய்ப் பார்த்தால், போன மாதம் கொட்டிய எரு கலந்த மண் கலங்கல் தண்ணீரோடு ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. இன்னொரு மழை பிடித்தால் அந்தப் படியில் சாமை விதைக்க மண்ணே மிஞ்சாது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"இன்னிக்கே கல்லு வச்சுடலாம்" என்றேன்.

"பத்து நாளுன்னு சொன்னாருன்னியே."

"மழ பத்து நாளு காத்துனு இருக்குமா?"

கனத்துக்கு என்ன செய்வது என்று அப்போது நான் யோசித்தது எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய யோசனைதான். ஓடையோரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல் இருக்கிறது. சேறடித்த பிறகு பரம்புப் பலகையை டிராக்டரில் கட்டி இழுத்து மட்டம் செய்வோம். பலகைக்குக் கனம் வேண்டும் என்பதற்காக அதன்மேல் ஒரு ஆள் நிற்பது வழக்கம். எங்கள் வயலில் நிற்பது அவள்தான். கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சேறு தெறிக்கத் தெறிக்க நிற்பாள். பலகை துள்ளினால் ஆள் பின்பக்கம் சாய்ந்து காலால் அழுத்த வேண்டும், இறங்கிவிடக் கூடாது. இறங்கினால் பலகை எகிறிவிடும். வயல் வேலையில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

வண்டியின் பின்னால், இரும்புக் கொழுக்கள் வரிசையாகக் கூர்நீட்டி நிற்கும் கொத்துக் கலப்பையை மாட்டினேன். அதை ஒரு முழம் தூக்கி நிறுத்திவிட்டு, "ஏறி நில்லும்மே" என்றேன். அவள் சேலைக்கு மேலே போட்டிருந்த என் பழைய சட்டையின் கையை மடித்துவிட்டு, கலப்பைச் சட்டத்தின்மேல் ஏறி நின்றாள். மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கூடைய எறக்கிட்டு என்னிய ஏத்திட்டியே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இருவருக்கும் அது தப்பாகவே படவில்லை. இதைச் சொல்லி என் பங்கைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. வண்டி குப்புறக் கவிழும் என்று மேஸ்திரி சொன்னதைக் காதில் வாங்கியவன் நான்தான். அவள் இல்லை.

முதல் கல்லை எடுத்தபோது திரும்பிப் பார்த்து, "சரியா?" என்றேன். "போ போ" என்றாள். இரண்டாவதற்கும் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவதற்கும் பார்த்தேன். அதற்குப் பிறகு என் கண் முழுக்க பக்கெட்டிலேயே இருந்தது. லீவரை இழுத்தால் கல் எழும்புகிறது, தள்ளினால் இறங்குகிறது. அவள் ஒரு காலைப்பொழுது முழுக்கச் சுமந்து அடுக்கக்கூடிய கல்லைக் கொஞ்ச நேரத்தில் வைத்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் படியின் ஓரத்தில் கிடந்த பெரிய கல்மேல் கண் போனது. அதை வைத்துவிட்டால் வரப்பு அசையாது. பக்கெட்டை அடியில் கொடுத்து நெம்பினேன். ஏறிவிட்டது.

தரையோடு தரையாகக் கொண்டுபோனேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வரப்பின்மேல் வைக்க வேண்டுமென்றால் தூக்கித்தான் ஆக வேண்டும். வண்டி சரிவைப் பார்த்து நின்றது. லீவரை இழுத்தேன். கல் என் கண்ணுக்கு நேராக எழுந்தது, அதோடு என் இருக்கையும் எழுந்தது. பின் சக்கரங்கள் மண்ணைவிட்டுக் கிளம்பியது எனக்கு முதலில் புரியவே இல்லை. முன்னால் சரிந்துகொண்டே போகிறேன் என்பது மட்டும் தெரிந்தது. பயத்தில் லீவரை ஒரேயடியாகத் தள்ளினேன். பக்கெட் கல்லோடு தரையில் மோதியது, பின்பக்கம் தொம்மென்று விழுந்தது. இன்ஜின் நின்றுபோனது.

திரும்பினால் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். விழுந்த வேகத்தில் கலப்பையும் கீழே இறங்கிவிட்டது. அதன் கொழு ஒன்று அவள் சேலை முந்தியோடு மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அதற்கும் அவள் முழங்காலுக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருந்தது.

கலப்பையைத் தூக்க லீவரைத் தேடிக் கையை நீட்டினேன்.

"எதையும் தொடாத மாமா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எறங்கி வா. வந்து சேலைய கிழி."

இறங்கிப் போய்க் கிழித்தேன். இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டியிருந்தது. அவளைத் தள்ளி உட்கார வைத்ததும் எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான். அதை என்னவென்று சொல்வது.

"வண்டி எகிறுதுன்னு தெரியுதில்ல? குதிக்க வேண்டியதுதான?"

"கனத்துக்குன்னு நின்னுட்டு யார்னா குதிப்பாங்களா" என்றாள். உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். மட்கார்டைப் பிடித்து இழுத்துப் பின்னால் சாய்ந்ததில் இரண்டு கையிலும் தகரம் கிழித்து ரத்தம் வந்திருந்தது. மரத்துப்போன கையிலும்தான். "வலிக்குதா?" என்றேன். "இதுல தெரியல" என்றாள்.

மறுநாள் திருப்பத்தூர் போனோம். இரவு முழுக்க அவள் விரல்களை ஆட்டச் சொல்லி ஆட்டச் சொல்லிக் கேட்டு அவளைத் தூங்கவிடாமல் செய்திருந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, கழுத்தில் புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை, நல்ல காலம் என்றார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். வரப்பில் வழுக்கிவிட்டது என்று அவளே சொல்லிவிட்டாள். கழுத்துக்கு ஒரு பட்டை போட்டு அனுப்பினார்.

திரும்பி வரும் பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பட்டை போட்டிருந்ததால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நேராகப் பார்த்தபடிதான் பேசினாள். மலைப்பாதையில் வண்டி திரும்பும்போதெல்லாம் அவள் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். மனசுக்குள் அரித்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பெரிய கல்லுகிட்ட போறதுக்கு முன்னாடியே எறங்கி இருக்கலாமில்ல?"



"மூணாவது கல்லுக்கு அப்புறம் நீ திரும்பியே பாக்கல" என்றாள்.

"ம்."

"நான் நிக்கறதே உனுக்கு மறந்துபூட்ச்சி. இல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளால் என் முகத்தைத் திரும்பிப் பார்த்திருக்கவும் முடியாது. "ஆமா" என்றேன்.

"அப்ப நான் எறங்கனது மட்டும் உனுக்குத் தெரிஞ்சிருக்குமா மாமா? பின்னாடி கனம் இருக்குதுன்னு நெனச்சினே நீ தூக்கி இருப்ப."