கடைசிச் சீட்டும் என் எருமையும்

என் மருமகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். மாட்டுப் பொங்கலன்று, எருமையின் கொம்புக்கு நான் பூசிய வர்ணம் காய்வதற்குள், அதை விற்றுவிட்டு வீட்டையும் பூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்துவிடச் சொன்னார். எட்டாவது மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறதாம். நானும் ஒரு டிவியும் இருந்துகொள்ளலாமாம். எவ்வளவு நல்ல மனசு!

நான் மசியவில்லை. மறுநாள் மத்தியானம் சீட்டுக்கட்டோடு வந்தார்.

"போக்கர் ஆடுவோம் அத்தை. நான் ஜெயிச்சா எருமையை வித்துட்டுக் கிளம்புறீங்க. நீங்க ஜெயிச்சா அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

"சரிங்க மாப்பிள்ளை" என்றேன். ஆளுக்கு நாற்பது புளியங்கொட்டை. தீர்ந்தவர் தோற்றவர்.

மருமகனுக்கு நேரெதிரே உட்காருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அடுப்படி நிலைக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மகள் நடுவில் இருந்து, விழுகிற சீட்டைச் சொல்லி, என் கொட்டைகளைத் தள்ளிவிட்டாள்.

"முகத்தைப் பாக்காம நான் பொய் சொல்றதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று சிரித்தார். படித்தவரல்லவா, எனக்காகக் கவலைப்பட்டார்.

ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், நடுவில் ஐந்து. முதலில் மூன்றைத் திறப்பார்கள், அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. திறக்கத் திறக்கப் பந்தயம். மூன்று ஆட்டம் வரை கொட்டை சமமாகவே இருந்தது.

நாலாவதில் நடுவே ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஒன்பது, கிளாவர் மூன்று. என்னிடம் இன்னொரு ஒன்பது. சோடி சேர்ந்துவிட்டது. மருமகன் இரண்டு கொட்டை வைத்தார். அடுத்து இஸ்பேட் ஐந்து, மறுபடியும் இரண்டு. கடைசியாகக் கிளாவர் இரண்டு விழுந்தது. யாருக்கும் உதவாத சீட்டு. அதற்குத்தான் மருமகனுக்கு வீரம் வந்தது. மிச்சமிருந்த அத்தனை கொட்டையையும் நடுவில் தள்ளிவிட்டார்.

"விட்டுரும்மா" என்றாள் மகள். "அவருகிட்ட இன்னொரு ராஜா இருக்கும். நீயும் எல்லாத்தையும் வச்சுத் தோத்தா எருமை போச்சு."

"ஆமா அத்தை, கீழ போட்டுருங்க. அடுத்த ஆட்டத்துல பாத்துக்கலாம்" என்றார் அவர். என்ன கருணை!

சந்தையில் மாட்டுத் தரகர் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். முகம் வேறெங்கோ பார்த்திருக்கும். என் வீட்டுக்காரர் போனபிறகு முப்பது வருடம் நானேதான் துண்டுக்குள் கைவிட்டேன். மாடு வேண்டும் என்பவன் விரல் விரலாக ஏறுவான். நேரமெல்லாம் சும்மா நின்று, கிளம்பும்போது திடீரென்று கையை நெரிப்பவனிடம் பணமே இருக்காது. ராஜா முதலிலேயே சேர்ந்திருந்தால் இவர் எதற்கு ஏறாமல் இரண்டிரண்டு கொட்டையாகவே வைத்தார்? நடுவில் மூன்றாவது ஆர்ட்டின் விழுந்தால் கையிலிருக்கும் இரண்டோடு ஐந்தும் ஒரே இனமாகி ஜெயிக்கலாமென்று காத்திருந்தார்; விழவில்லை. அதனால்தான் மிரட்டினார்.

"எல்லாத்தையும் தள்ளு" என்றேன் மகளிடம்.

அவர் சீட்டை விரித்தார், மகள் படித்தாள். ஆர்ட்டின் ராணி, ஆர்ட்டின் எட்டு. ஒரு சோடிகூட இல்லை.

அவர் ஆடியதுதான் கணக்குப்படி சரி என்று அரைமணி நேரம் விளக்கினார். "அந்தக் கணக்கை எருமைகிட்டச் சொல்லுங்க மாப்பிள்ளை. அதுக்குத்தான் பொழுது போகல" என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போனேன்.

சாயங்காலம் காப்பியைக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா அத்தை?" என்றார்.

"எருமை இருக்கு. காப்பிக்கு என்ன குறை?" என்றேன்.