என் நாத்தனார் எம்.எஸ்சி. படிக்கிறாள்

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை நேரம். முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி, போடிமெட்டு மலை ரோடு ஏறத் தொடங்கும் இடம். ஓரமாக நிறுத்தியிருந்த ஜீப்புக்குப் பின்னால் மறைவாக நிற்கவைத்து, என் நாத்தனார் வளர்மதி என் நெஞ்சில் ஒரு பெல்ட்டைக் கட்டினாள்.

“மூச்ச இழுத்து விடுங்க மதினி. இறுக்கமா இருக்கா?”

இறுக்கமாகத்தான் இருந்தது. அதற்கு பெல்ட் பொறுப்பில்லை.

எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் வரிசையாக மலையேறிக்கொண்டிருந்தன. ஒன்றிலிருந்து, என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா தலையை நீட்டினார்.

“என்ன டீச்சர், மேலயா? ஏறிக்கங்க, ஒரு ஆளுக்கு எடம் இருக்கு.”

“இல்லக்கா, ஓடப்போறேன்.”

“ஓடியேவா?”

ஜீப்பு வளைவில் மறையும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டு போனார். 

நான் போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் என்பது வாராவாரம் வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஏலக்காய்க் கடை வைத்திருப்பதும் தெரியும். ஆனால் அவருடைய தங்கை வளர்மதியைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுதியதில்லை. ஏன்? பொறாமைதான். வேறென்ன?

காலேஜில் நாங்கள் ஒரே செட். ஒரே ஹாஸ்டல், ஒரே ரூம். இருவருக்குமே எண்ணூறு மீட்டர் ஓட்டம். நான் முதலில் வருவேன், அவள் இரண்டாவதாக வருவாள். எந்த மீட்டாக இருந்தாலும் அப்படித்தான். பிறகு அவளே என்னைத் தன் அண்ணனுக்குப் பேசி முடித்தாள். அதுவரைக்கும் ‘வாடி தனம், போடி தனம்’. தாலி ஏறிய மறுநாளே ‘வாங்க மதினி’ ஆகிவிட்டது.

அவள் கோயம்புத்தூருக்குக் கல்யாணமாகிப் போனாள். ஒரு ஸ்கூலில் வேலை. நானும் இங்கே ஒரு ஸ்கூலில் வேலை. இரண்டு பேர் கழுத்திலும் விசில். எல்லாம் சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது... நாற்பதைத் தாண்டிய வயதில் அவள் ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணும்வரை.

“மதினி, சென்னையில சீட்டு கெடச்சிருச்சு. அப்ளைடு ஸ்போர்ட்ஸ் சயின்ஸ். எம்.எஸ்சி.”

“ரொம்ப சந்தோஷம்டி” என்றேன். போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்திருந்த தோசைக்கல்லை எடுத்து மறுபடியும் தேய்த்தேன்.

அந்தப் படிப்பைப் பற்றி அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும். இந்த வயதிலும் சேரலாம் என்பதும் தெரியும். என்னைப் போகாதே என்று யார் தடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. நான் யாரிடமும் கேட்கவே இல்லை. மகளுக்கு ப்ளஸ் டூ முடியட்டும், ஸ்கூலில் லீவு தருவார்களா, வீடு என்னாகும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தடுத்த ஆள் ஒருத்தர் இருந்தாலாவது அவர்மேல் கோபப்பட்டு ஆறியிருக்கலாம்.

பிறகு அவளுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸ்கள் வர ஆரம்பித்தன. முகத்தில் மாஸ்க் மாட்டி ட்ரெட்மில்லில் ஓடும் பையன், பக்கத்தில் ஸ்க்ரீனைப் பார்த்தபடி வளர்மதி. குதித்து இறங்கினால் கால் எவ்வளவு விசையோடு தரையை அழுத்துகிறது என்று காட்டும் ஒரு பலகை, அதன்மேல் வளர்மதி. நான் இங்கே கணக்கு டீச்சர் என் விளையாட்டு பீரியடைக் கடன் கேட்டு வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் போனில் பார்த்தால், நான் பார்த்தது அவளுக்குத் தெரிந்துவிடுமே? அதனால் என் வீட்டுக்காரர் குளிக்கப் போகும்போது அவர் போனை எடுத்துப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள். உங்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் வருஷம் அவள் ஆய்வு செய்ய வேண்டும். எங்கே செய்வது? இந்த மலையில்தான். நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் மலைச்சரிவில் ஏறும்போது இதயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் போகிறாளாம். ஒரு பெட்டி நிறையக் கருவிகளோடு எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினாள்.

அவள் வந்த பிறகு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். சீக்கிரம் தூங்கு, போனை வை என்று மகளிடம் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறேன். அத்தை ஒரே ஒரு தடவை “ஸ்லீப்தான்டா பெஸ்ட் ரிக்கவரி” என்றாள். போன் அணைந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் என் வீட்டுக்காரர், “எந் தங்கச்சி எம்.எஸ்சி. பண்ணுது. ஸ்போர்ட்ஸ் சயின்சு” என்று ஏலக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார். இவர் பெண்டாட்டியும் ஏதோ ஸ்போர்ட்ஸில்தான் இருக்கிறாள்... அதை யாரிடமாவது சொன்னாரா?

ஒரு நாள் சாயங்காலம் என் ஸ்கூல் கிரவுண்டுக்கும் வந்தாள். லாங் ஜம்ப் தாண்டும் பெண் ஓடிவருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஓட்டம் தொடங்கும் இடத்தைச் சற்றுத் தள்ளிவைக்கச் சொன்னாள். அந்தப் பெண் அன்றைக்கு, என்னிடம் அதுவரை தாண்டாத தூரத்தைத் தாண்டினாள். மணலைத் தட்டிவிட்டு எழுந்து என்னிடம் கேட்டாள்: “அந்த மேடம் நாளைக்கும் வருவாங்களா டீச்சர்?”

நாளைக்கு கிரவுண்டு கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது முந்தலுக்கு வருவோம். ஆய்வுக்குப் பெண்கள் வேண்டும். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பெண்கள் சிலர், ஊருக்குள்ளிருந்து சிலர். “மதினி, நீங்களும் வரணும். முன்னால ஓடுனவங்க ஒருத்தர் இருந்தா எனக்கு ரொம்ப நல்லது” என்றாள். எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். நாற்காலியில் உட்கார்ந்து படித்தவள் அவள். கிரவுண்டில் நின்றவள் நான். வா, ரோட்டில் பார்ப்போம்.

“உடம்புக்கு ஏதாச்சும் இருக்கா? மூச்சு வாங்குறது, தலை சுத்துறது?” முதல் நாளே எல்லோரிடமும் கேட்டது போல என்னிடமும் கேட்டாள்.

“எனக்கா?” என்று சிரித்தேன். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

எனக்கு முன்னால் ஏறியவர் பேச்சியம்மா. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். பாதி ஏற்றம் வரைக்கும் தன் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தபோது மட்டும் “மதி, மதி” என்று, போதும் என்பதை மலையாளத்தில் சொல்லிக் கையை இழுத்துக்கொண்டார். அவரை விடக் குறைவாகவா நான் ஏறுவேன்?

மெதுவான நடையில் தொடங்கி, அவள் சொல்லச் சொல்ல வேகத்தைக் கூட்ட வேண்டும். ஜீப்பு பின்னால் ஊர்ந்து வரும். அதில் உட்கார்ந்து வளர்மதி, பெல்ட் அனுப்பும் என் இதயத் துடிப்பை டேப்லெட்டில் பார்ப்பாள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நின்று, உடம்பு எவ்வளவு களைத்திருக்கிறது என்று பார்க்க ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க வேண்டும்.

முதல் நிறுத்தத்திலேயே அவள் முகம் மாறியது. விரலை அழுத்திப் பார்த்தாள். “என்ன மதினி, ரத்தம் தண்ணியாட்டம் இருக்கு? துடிப்பும் கூடுதலா காட்டுது. இன்னைக்கு வேணாம், நிப்பாட்டிருவமா?”

பார்த்தீர்களா, நான் ஜெயித்துவிடுவேன் என்று பயம் வந்துவிட்டது இவளுக்கு... அன்றைக்கு என் புத்தி இப்படித்தான் போயிற்று.

“பெல்ட்டு சரியாப் புடிக்கல. நீ வா” என்று சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினேன். அந்தக் கட்டத்துக்கு நடை என்றுதான் சொல்லியிருந்தாள். நான் ஓடினேன். பின்னால் “மெதுவா, மதினி, மெதுவா” என்று குரல் வந்தது. அதைக் கேட்கக் கேட்கக் கால் இன்னும் வேகமெடுத்தது. முதல் வளைவைத் தாண்டினேன். காதுக்குள் தண்ணீர் கொட்டுவது போல ஒரு சத்தம். இரண்டாவது வளைவில் எதிரே இருந்த பாறை, மரம், மைல்கல் எல்லாம் சாம்பல் நிறமாகி ஒன்றோடொன்று கலந்தன.

ஜீப்பு என்னைத் தாண்டி வந்து குறுக்கே நின்றது. கதவு திறந்தது.

“தனம், நில்லுடி.”

எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர். நின்றேன். நின்ற பிறகுதான் நிற்க முடியவில்லை என்பது தெரிந்தது. என் அக்குளில் கை கொடுத்துத் தாங்கி, ரோட்டோரத் தடுப்புச் சுவரை ஒட்டிப் படுக்கவைத்தாள். காலைத் தூக்கி ஜீப்பின் படியில் வைத்தாள். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள். டிரைவரைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுக் குனிந்து கேட்டாள்.

“எத்தன மாசமாடி போகுது?”

அழுதேன்.

ஒரு வருஷத்துக்கு மேலாகவே மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. வயசு ஆகிறது, நிற்கப்போகும் சமயம் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாடிப்படியில் மூச்சு வாங்கியபோது வெயிட் போட்டுவிட்டது என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு ஓடிக் காட்டுவதை விட்டுவிட்டு, நின்ற இடத்திலிருந்தே விசில் ஊதப் பழகிக்கொண்டேன். இதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

ஜீப்பு மேலே போகாமல் திரும்பி, நேரே தேனிக்குப் போனது. ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “இவ்வளவு ரத்தத்தை வச்சுக்கிட்டா மலையில ஓடுனீங்க?”

உங்களிடம் என்ன மறைப்பது... எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது.

“இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா நான் உங்களைப் பார்த்திருக்க மாட்டேன்” என்றார் அடுத்து. பெருமை போய்விட்டது. கர்ப்பப்பையில் கட்டி. புற்று இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும். முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும்.

மறுநாள் மதியம், மேலே தொங்கிய பையிலிருந்து யாருடைய ரத்தமோ சொட்டுச் சொட்டாக எனக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். வளர்மதி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒன் ஆராய்ச்சியக் கெடுத்துட்டேன்” என்றேன்.

“ஆமா, கெடுத்துட்டீக. ஒங்க கணக்கை அதுலருந்து நீக்கியாச்சு. பேச்சியம்மா இருக்காங்க, அது போதும்.”

பேச்சியம்மா இருக்கிறார், நான் இல்லை. படுத்துக்கொண்டே அதற்கும் ஒரு தடவை பொறாமைப்பட்டுக்கொண்டேன். பிறகு மெல்லச் சொன்னேன்: “எனக்கு ஒம் மேல பொறாமைடி.”

“தெரியும்.”

“எப்பிடி?”

“எங்க அண்ணனுக்கு ஸ்டேட்டஸ் எங்க இருக்குன்னே தெரியாது. அவர் போன்ல இருந்து ஒண்ணு விடாம பாத்திருக்கு. யாரு பாத்திருப்பா?”

ஆரஞ்சுச் சுளையை என் வாயில் வைத்தாள். புளித்தது.

“ஒனக்கு எம் மேல இருந்ததே இல்லையா? காலேஜ்ல? எல்லா மீட்லயும் நாந்தான மொதல்ல வந்தேன்.”

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “இல்ல மதினி. எனக்கு ரெண்டாவது வந்ததே பெரிய விசயமா இருந்துச்சு. ஒங்க பின்னாடி ஓடுறதால எனக்கு டைம் கொறஞ்சுச்சு. அதுல சந்தோசந்தான்.”

என்ன மனுஷி இவள்? ஒரு சொட்டாவது இருந்தது என்று சொல்லியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அதையும் எனக்குத் தரவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. முதல் வாரம் வாசல் வரை நடை, அப்புறம் தெருமுனை வரை என்று சென்னையிலிருந்து அட்டவணை போட்டு அனுப்பினாள். முறைத்துக்கொண்டே நடந்தேன். இப்போது தினமும் காலையில் ராசிங்காபுரம் ரோட்டில் ஓடுகிறேன், மூச்சு வாங்காமல். லாங் ஜம்ப் பெண்ணுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வளர்மதிக்கு போன் போட்டுக் கேட்கிறேன். கேட்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அவள் படிப்பு முடிந்தது. பெங்களூரில் ஒரு டீமில் வேலை. போன வாரம் டீம் ஜெர்சியோடு ஒரு போட்டோ போட்டிருந்தாள். என் போனிலேயே பார்த்தேன். கீழே ஒரு ஹார்ட்டும் போட்டேன்.

அன்றைக்கே அதே படிப்பின் அடுத்த பேட்ச்சுக்கு அப்ளை பண்ணினேன். வீட்டுக்காரரிடம் முதல்முறையாகக் கேட்டேன். “போயிட்டு வா. இத ஏன் இத்தன நாளு கேக்கல?” என்றார். அந்தக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பொறாமை போய்விட்டதா என்கிறீர்களா? ரத்தம் ஏறியதிலிருந்து அதுவும் நல்ல தெம்பாக இருக்கிறது.